எட்டு நாள் மடியில் இருந்த சீட்டு

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் எல்லாரும் பயந்தது கப்பலுக்குத்தான்.

ரப்பர் விலை விழுந்துவிட்டது என்றார்கள். எங்கே விழுந்தது, யார் தள்ளிவிட்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பழைய காடுகளில் பால்வெட்டை நிறுத்தினார்கள். ஆள் குடியிருந்த லயங்களில் ஒன்று முழுசாகக் காலியானது. திங்கட்கிழமை தோறும் பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆளெடுக்கும் களத்தில், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் வாசிப்பார். பெயர் வந்த குடும்பம் மூன்றாம் நாள் லோரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து சொந்த ஊருக்குக் கப்பல்.

எனக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. நாலு வயதில் கடல் தாண்டி இங்கே வந்தவள். அப்பாவும் அம்மாவும் இந்தத் தோட்டத்திலேயே காய்ச்சலில் போனார்கள். ஊரில் எங்கள் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாத இரண்டு பேர் நாங்கள். அதனால் திங்கட்கிழமை விடிகாலையில் எனக்கு வாயெல்லாம் காய்ந்துவிடும். கிராணி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் எச்சில் ஊறும்.

அந்த நேரத்தில்தான் நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன்.

எங்கள் தோட்டம் கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையில், மிகவும் உள்ளே தள்ளி இருந்தது. அந்தப் பக்கம் பூமி முழுக்கச் சதுப்பு. மலையோ மேடோ கிடையாது. காட்டுக்குக் காடு தண்ணீர் வடிய கான் வெட்டி வைத்திருந்தார்கள். நான் பால் வெட்டிய நாலாம் நம்பர் காட்டுக்கும் பால் ஊற்றும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு பெரிய கான் ஓடியது. இரண்டு ஆள் நீளத்துக்கு அகலம், கறுப்புத் தண்ணீர். அதன்மேல் ஒரு தென்னை மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதுதான் பாலம். தோளில் காண்டாக் கம்பு, கம்பின் இரு முனையிலும் பால் நிறைந்த வாளி. இப்படித்தான் அந்த மரத்தின்மேல் தினமும் நடக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மரத்திலிருந்து விழுந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம். கால் வழுக்கியதுதான் தெரியும். கண் திறந்தபோது கானில் கிடந்தேன். என்னைச் சுற்றித் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. எங்களை வேலை வாங்கும் கங்காணி கரையில் நின்று, பால் போச்சே பால் போச்சே என்று கத்திக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. நாலாம் நாள் நான் பெரட்டில் நின்றேன். வீட்டில் இருந்துகொள் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கலாமா என்று நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டாவது முறை தங்கியதும் அதை மறைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வயிறு தெரிந்தால், இவள் இனி வேலைக்கு ஆகமாட்டாள், குடும்பத்தோடு அனுப்பு என்று எழுதிவிடுவார்கள் என்று நம்பினேன். சேலையை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பால் கறை பிடித்த கோணித் துண்டைக் கட்டிக்கொள்வேன். நாலு மாதம், ஐந்து மாதம் போயிற்று. குனிந்து மரத்தில் உளியை வைக்கும்போது பிள்ளை உள்ளே புரளும். சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ, புரண்டது வெளியே தெரிந்துவிட்டதோ என்று கோணித் துண்டை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

என்னைக் கண்டுபிடித்தவர் தோட்டத்து டிரசர். ஆஸ்பத்திரிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வியாதிக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து போவார். காய்ச்சல் காலத்தில் டிரசர் பெரட்டுக்கே வந்து, வரிசையாக நிற்கிறவர்கள் வாயில் கொயினா மருந்தை ஊற்றுவார். கொயினா குடித்தால் பிள்ளை கரைந்துவிடும் என்று பெண்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் மருந்தை வாயில் வாங்கிக்கொண்டு, அவர் அடுத்த ஆளிடம் நகர்ந்ததும் முந்தானையில் துப்பிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் நகராமல் என் முன்னாலேயே நின்றார்.

"வாயைத் திற."

திறக்க முடியவில்லை. மருந்து உள்ளேயே இருந்தது. கசப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என் முந்தானையைப் பார்த்தார். முந்தின வாரத்துக் கறை அதில் மஞ்சளாக இருந்தது.

"துப்பு," என்றார் மெதுவாக. "வேலை முடிஞ்ச உடனை ஆஸ்பத்திரிக்கு வா."

அன்று மரங்களை எப்படி வெட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பட்டையில் ஆழமாக உளியை இறக்கி இரண்டு மரத்தைக் காயப்படுத்திவிட்டேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக் கொட்டகை வாசலில் போய் நின்றேன்.

"எத்தினை மாதம்?" என்றார் டிரசர்.

"நாலு இருக்கும்யா."

"பொய் சொல்லாதை."

"ஆறு முடிஞ்சிருச்சுங்கய்யா."

பெஞ்சில் படுக்கச் சொல்லி வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏன் முந்தியே வந்து சொல்லேல்லை? கப்பலுக்குப் பயமோ?"

"ஆமாங்கய்யா."

"கொயினாவுக்கும் பயம்."

"அதுக்கும்தாங்கய்யா."

"எல்லாத்துக்கும் பயப்பிடுறாய். காண்டா வாளி தூக்கிக்கொண்டு அந்த மரத்திலை நடக்கிறதுக்கு மட்டும் உனக்குப் பயமில்லையோ?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கானில் விழுந்தது, வெள்ளைத் தண்ணீர், நாலாம் நாள் பெரட்டில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு இது தெரியாது. கேட்டுவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு சின்னத் தாளில் எழுதினார்.

"இதைக் கிராணியாரிட்டைக் குடு. நாளையிலையிருந்து உனக்குப் புல்லுவெட்டு. வாளி தூக்க வேண்டாம். பிள்ளை பிறக்க ஒரு மாதத்துக்கு முந்தி நீ வீட்டிலை இருக்கலாம். பிறந்த பிறகும் ஒரு மாதம் இருக்கலாம். சம்பளம் தருவினம். சட்டத்திலை இருக்கு."

"தருவாங்களாய்யா?"

"சட்டத்திலை இருக்கு," என்றார் மறுபடியும். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை. தருவார்கள் என்று அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

சீட்டை வாங்கி வெளியே வந்து விரித்தேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் எழுத்து நன்றாக வரும். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. மூன்று வரி. கடைசியில் கையெழுத்தாக ஒரு சுழி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் வேறொரு பயம் எழுந்தது. கீழ் லயத்தில் ஒருத்தி காலில் புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் இதே மாதிரி ஒரு சீட்டு வாங்கினாள். அதைக் கிராணியிடம் கொடுத்தாள். அடுத்த வாரமே அவள் புருஷன் பெயர் தாளில் வந்தது. புண்ணால் வந்ததா, வேறு எதனால் வந்ததா, எனக்குத் தெரியாது. சீட்டுக் கொடுத்தவள் கப்பலேறினாள் என்பது மட்டும் தெரியும்.

டிரசர் வாயால் சொன்னது ஒன்று. தாளில் எழுதியது வேறாக இருந்தால்?

சீட்டை எட்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டேன். மறுநாள் காலையில் கிராணியின் முன்னால் நின்றேன். அவர் என் பெயரைக் கூப்பிட்டு, நாலாம் நம்பர் என்றார். கை மடிக்குப் போயிற்று, அப்படியே திரும்பிவிட்டது. உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். ராத்திரி கழற்றிய சேலையிலிருந்து சீட்டை எடுத்துத் தலைமாட்டில் வைப்பேன். காலையில் மறுபடி மடியில். வேர்வையில் நனைந்து காகிதம் மெத்தென்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். மூன்றாம் நாள்தான் அவரிடம் சொன்னேன்.

"குடுத்திரு புள்ள," என்றார்.

"கீழ் லயத்துக்காரிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?"

அவர் யோசித்தார். "அப்ப ஞாயித்துக்கெழம கிள்ளானுக்குப் போவோம். யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேப்போம்."

ஞாயிற்றுக்கிழமை சாலை வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனோம். பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு துணிக்கடையில்தான் தோட்டத்து ஆட்கள் சேலை எடுப்பார்கள். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். கடை வைப்பதற்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் என்பதால் இங்கிலீஷ் தெரியும். நாங்கள் ஒன்றும் வாங்க வரவில்லை என்று தெரிந்தும் முகம் சுளிக்காமல் சீட்டை வாங்கினார். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மை கொஞ்சம் ஊறியிருந்தது.

"ஆறு மாசம் முடிஞ்சதுன்னு போட்டிருக்கும்மா. புல்லுவெட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கு."

"அவ்வளவுதானா முதலாளி? நடுவுல ஒரு வரி இருக்கே," என்றேன்.

அவர் மறுபடி பார்த்தார். "பால்வெட்டுக்கும் சுமை தூக்கவும் லாயக்கில்லைன்னு இருக்கு."

தாளில் பெயர் வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் கங்காணி சொல்லும் வார்த்தை அதுதான். வேலைக்கு லாயக்கில்லை. அந்த ஒரு வார்த்தையில் எத்தனை குடும்பங்கள் லோரி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

"பயப்படாதம்மா. சுமைக்குத்தான் லாயக்கில்லைன்னு எழுதியிருக்காரு. உன்னைய இல்ல," என்றார் கடைக்காரர்.

"கிராணி கடைசி வரைக்கும் படிப்பாரா முதலாளி?"

அவர் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார். கிழித்துப் போட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை நினைத்தேன். அதற்கும் பயமாக இருந்தது. டிரசர் கேட்டால் என்ன சொல்வது?

மறுநாள் திங்கட்கிழமை. தாளில் எங்கள் பெயர் வரவில்லை. வெட்டி முடித்து, மரங்களில் பால் வடியக் கட்டிய மங்குகளிலிருந்து பாலை வாளியில் சேர்க்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழைத் தண்ணீர் மங்கில் விழுந்தால் பால் கெட்டுவிடும். எல்லாரும் ஓடி ஓடி எடுத்தோம். பெரிய கானுக்கு வந்து சேர்ந்தபோது தென்னை மரம் பாசி பிடித்துப் பளபளவென்று இருந்தது. கானில் தண்ணீர் ஏறி ஓடியது.

ஒரு காலை மரத்தின்மேல் வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. வாளிகளை இறக்கிவைத்துவிட்டுச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கை மட்டும் மடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மர வரிசையில், எங்கள் பேச்சில் நிரையில், வெட்டும் அக்கா பின்னால் வந்துகொண்டிருந்தாள். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வெற்றிலை போட்ட வாய், உரத்த குரல். கங்காணியையே எதிர்த்துப் பேசுவாள். அவள் என்னைப் பார்த்தாள். தன் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் நடந்து அக்கரையில் வைத்தாள். திரும்பி வந்து என் காண்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபடி போனாள். மூன்றாம் முறை வெறுங்கையோடு வந்தாள்.

"குதிர மேல உக்கார்ற மாதிரி உக்காரு. கைய ஊனி ஊனி நகரு. நான் முன்னாடி போறேன்."

அப்படித்தான் கடந்தேன். கீழே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கீழேதான் பார்த்தேன். அக்கரை போனதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஒரு வாரமாப் பாக்கறேன். மடியிலயே கைய வச்சுக்கிட்டு இருக்க. என்னடி அது?"

சொன்னேன். டிரசர், சீட்டு, கிள்ளான் கடை, லாயக்கில்லை என்ற வரி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா வாயில் இருந்ததைத் துப்பினாள்.

"அஞ்சு பெத்தேன் நான். மூணுதான் இருக்கு. ரெண்டு இந்தக் காட்டுலயே போச்சு. எனக்கு எவன் சீட்டு குடுத்தான்? உனக்குக் குடுத்திருக்காங்க, நீ அத மடியில வச்சுக் காவல் காக்கற. நாளைக்குப் பெரட்டுல நீ குடுக்கல, நான் புடுங்கிக் குடுத்துருவேன்."

எட்டாம் நாள் காலையில் அவள் எனக்குப் பின்னாலேயே நின்றாள். அவள் மூச்சு என் பிடரியில் பட்டது. கிராணி என் பெயரைக் கூப்பிட்டதும் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"போன திங்கக்கெழம தேதி போட்டிருக்கு. எட்டு நாளா என்ன பண்ணுன?"

"பயமா இருந்துச்சுங்கய்யா."

கங்காணி எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "வயித்துல இருக்கறதுக்கெல்லாம் காடு மாத்த ஆரம்பிச்சா நாலாம் நம்பர யார வச்சு வெட்றது நான்?"

"என் நெரையோட சேத்து வெட்டிக்கறேன்," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "வாய மூடு கங்காணி."

சிலர் சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. புல்வெட்டு என்று சொல்லிவிட்டு, சீட்டைத் தன் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். அன்று புதுக்கன்று நட்டிருந்த வெளியில், வெயிலில், மண்வெட்டியோடு நின்றேன். தலைக்குமேல் மரம் இல்லை, குறுக்கே கான் இல்லை. இடுப்பு வலித்தாலும் மூச்சு விட முடிந்தது. ஆனால் சீட்டு இப்போது என் மடியில் இல்லை. அது கிராணியின் புத்தகத்தில் இருக்கிறது, திங்கட்கிழமைத் தாளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்ற நினைப்பு போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. என்னையும் என் வீட்டுக்காரரையும் கிராணி கூப்பிடுகிறார் என்று. அந்தக் கால் மைல் வழியில் அவர் என் கையைப் பிடித்திருந்தார். தெருவில் ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை.

கிராணி மேசையில் தாள் இருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்கானது.

"பொகக் கொட்டகையில ஆளக் கொறைக்கச் சொல்லிட்டாரு தொர," என்றார் என் வீட்டுக்காரரைப் பார்த்து. "உன் பேரு போன வாரமே எழுதியாச்சு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சீட்டால் இல்லை, சீட்டுக் கொடுப்பதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. எட்டு நாளும் நான் தப்பான இடத்தில் காவல் நின்றிருந்தேன்.

"அய்யா, எங்களுக்கு அங்க யாருமே இல்லீங்கய்யா," என்றார் அவர்.

"முழுசாக் கேளு. ஆறு மாசம் தாண்டுன பொம்பளையக் கப்பல் டாக்டர் ஏத்தமாட்டாரு. திருப்பி அனுப்பிடுவாரு. அப்புறம் தொர என்னையத்தான் கேப்பாரு." கிராணி என் சீட்டை எடுத்துத் தாளின்மேல் வைத்தார். "இது வந்ததால தெரிஞ்சுது. உன்னைய எடுத்துட்டு வேற ஒரு குடும்பத்தப் போட்டுக்கறேன். நீ வெளிவேலைக்கு மாறிக்க. போங்க."

கையெடுத்துக் கும்பிட்டோம். யார் அந்த வேறு குடும்பம் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, வாந்தியும் வந்தது. வழியிலேயே உட்கார்ந்து எடுத்தேன்.

திங்கட்கிழமை கிராணி வாசித்த பெயர்களில் மூன்றாவது அக்காவின் புருஷன் பெயர்.

அக்கா எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றாள். அவள் கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ தன் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது எங்களுக்குப் பதிலாகத்தானா, இல்லை ஏற்கெனவே எழுதியிருந்ததா? கிராணி ஒருவருக்குத்தான் தெரியும். அவரிடம் போய்க் கேட்டால், சரி, உன் பெயரையே போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அந்த மூன்று நாளும் அந்தப் பயம்தான் என் வாயைக் கட்டிப்போட்டது.

அவள் மூட்டை கட்டுவதற்கு நான் உதவிக்குப் போனேன். பிள்ளைகள் மூன்றும் சட்டிபானைகளுக்கு நடுவில் விளையாடிக்கொண்டிருந்தன. கப்பலைப் பார்க்கப் போகிறோம் என்ற குஷி அவர்களுக்கு.

"பாத்தியா, சீட்டக் குடுத்த, ஒண்ணும் ஆகல," என்றாள் அக்கா, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே. "நீ சும்மாப் பயந்த."

நான் தலையை ஆட்டினேன். கிராணி சொன்னதை அந்த இடத்தில் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவள் என்னை அடித்திருப்பாள், அல்லது கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை காலையில் லோரி வந்தது. நான் புல்வெட்டு வெளியிலிருந்து பார்த்தேன். அவள் பின்பக்கம், மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தேடினாளா என்று தெரியவில்லை. நான் குனிந்து புல்லை வெட்டினேன்.

அதற்குப் பிறகு பிள்ளை நிலைக்காது என்று உறுதியாக நம்பினேன். இவ்வளவு கொடுத்து வாங்கியது எப்படித் தங்கும்? கடைசி மாதம் டிரசர் சொன்னபடியே என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். எல்லாரும் வேலைக்குப் போன பிறகு லயம் முழுக்க அமைதியாகிவிடும். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. மரப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன், யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாசலையே பார்ப்பேன்.

வலி ஒரு முற்பகலில், துணி துவைக்கும்போது எடுத்தது. ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு நடந்தே போனேன். சாயங்காலம் பிள்ளை பிறந்தது. உடனே அழவில்லை. டிரசர் அதைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு, அக்காவை நினைத்து மன்னிப்புக் கேட்டேன். சாமியை நினைக்கவில்லை. பிறகு ஒரு கீச்சுக் குரல் கேட்டது. பெண் பிள்ளை.

பிறந்து பதினைந்தாம் நாள் கங்காணி வாசலில் வந்து நின்றார். "ஆள் பத்தல. நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு."

"ஒரு மாசம்னு டிரசர் அய்யா சொன்னாரு."

"டிரசரா மரம் வெட்றாரு?"

பழைய நானாக இருந்தால் மறுநாள் போயிருப்பேன். பயம் அப்போதும் இருந்தது. ஆனாலும் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டிரசர் கேட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெயிலில் தானே ஆபீசுக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்து, "மிச்ச நாளும் வீட்டிலை இரு," என்று மட்டும் சொன்னார். இருந்தேன். அந்த மாதச் சம்பளமும் வந்தது. எங்கள் லயத்தில் அப்படி முழுசாக வாங்கிய முதல் ஆள் நான். அடுத்து உண்டான இரண்டு பேர் என்னிடம் வந்து, எப்படிக் கேட்டாய் என்று கேட்டார்கள். டிரசரிடம் போ, சீட்டு வாங்கு, அன்றைக்கே கொடு என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு முறை அந்தப் பேச்சை எடுத்தேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். "நம்மளாலதானே அவங்க போனாங்க?" என்றேன்.

"அன்னிக்கு ஆபீசுல நான் கேக்க வாயெடுத்தேன் புள்ள. உன் வயித்தப் பாத்தேன். வாய மூடிக்கிட்டேன்." அவ்வளவுதான் சொன்னார்.

சில வருஷம் கழித்து ரப்பர் விலை ஏறியது. காலியான லயங்களுக்கு ஆள் வந்தார்கள். போனவர்களில் சிலரும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு தடவை லோரி வந்தபோதும் நான் போய்ப் பார்த்தேன். அக்கா வரவில்லை. அவள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் வந்திருந்தார். அவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன்: வெற்றிலை போடுவாள், குரல் பெரிசு, மூன்று பிள்ளை. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி யாரையும் தெரியாது என்றார். எங்கள் பக்கம் ஊர்கள் நிறைய, ஒன்றுக்கொன்று தூரம் என்றும் சொன்னார்.

என் மகள் அப்போது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் மற்றப் பிள்ளைகளோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புப் பற்றவைக்க வீட்டுக்குப் போனேன்.